முள் ஆடிய வண்டி

என் அம்மா தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. அதற்கே அக்கம்பக்கத்துப் பெண்களிடம் ரொம்ப நாள் பெருமை பேசினாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. இப்போது யாராவது கார் கதை பேசினால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அப்பா தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளிக்கு டிரைவர். அதற்கு முன்னால் அதே டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். முடி உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஆள் இறங்கித்தான் புரட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் ஆட்டு முடிக்கும் மனுஷன் கால் நகத்துக்கும் வித்தியாசம் பார்க்காது. அப்பாவுக்கு ரெண்டு காலிலும் நகம் சரியாக இல்லை. தோல் லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி, முதலாளி காருக்கு வந்து சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம் கறுப்பு ஷூ வாங்கியது. வீட்டுக்கு வந்தாலும் பொழுது சாய்கிற வரை அதைக் கழற்ற மாட்டார்.

கார் பழையது. கப்பலில் வந்தது. டீசல் வண்டி. முதலாளி மெட்ராசில் யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்தார். ஊரில் இருந்த மற்ற கார்களில் எவ்வளவு வேகம் போகிறது என்று காட்ட ஒரு மீட்டர்தான் இருக்கும். இதில் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அது காட்டும். அப்பா அதற்குச் சுத்து மீட்டர் என்று பேர் வைத்திருந்தார். ஒன்று முதல் ஆறு வரை நம்பர். அஞ்சுக்கு மேல் சிவப்புக் கோடு.

முதலாளிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் முள்ளைப் பார்க்கத் தெரியும். முள் மூணைத் தாண்டாமல் ஓட்டினால் இன்ஜின் பேரன் காலம் வரைக்கும் வரும் என்று மெட்ராசில் எவனோ அவருக்குச் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவர் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்ததே இல்லை. முன்னால் குனிந்து, அப்பா தோளுக்கு மேலாக அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வருவார். மூணைத் தாண்டினால் ‘ச்சு’ கொட்டுவார். ரொம்பத் தாண்டினால், “இன்ஜின் உங்கொப்பன் ஊட்டுதா?” என்பார். அப்பா காலை மட்டும் கொஞ்சம் எடுப்பார்.

அந்த வருஷம் முள் ஆட ஆரம்பித்தது.

பஜாரில் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முள் எகிறிப்போய் சிவப்பில் நிற்கும். வேலூர் ரோட்டில் வண்டி பறக்கும்போது செத்த மாதிரி கீழே படுத்துக்கிடக்கும். அப்பா மீட்டர் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். எழுந்துகொள்ளும். கொஞ்ச தூரம் போய் மறுபடி ஆடும். முதலாளி வந்து ஏறுவதற்கு முன்னாலேயே அப்பா அதைத் தட்டிச் சமாதானம் பண்ணி வைத்திருப்பார். அது அவர் முன்னாலேயே ஆடும்.

முதலாளிக்கு முள் மேல் சந்தேகம் வரவில்லை. அப்பா மேல்தான் வந்தது.

“நான் இல்லாத நேரத்துல வண்டிய வெரட்டுற. அதான் மீட்டர் பூட்ச்சி. அடுத்த வாரம் வெளிநாட்டுப் பார்ட்டி வருது. ஏர்போர்ட்லேர்ந்து இட்டுக்கினு வரணும். அன்னிக்கு இது ஆடுச்சு, மறுநாள் ஷூவக் கழட்டி வெச்சிட்டுத் தொட்டிக்கு வந்துடு. அங்க முள்ளு கெடையாது.”

அப்பா அன்றைக்குச் சோறு சாப்பிடும்போது இதைச் சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“எறங்குனா இன்னா? முன்ன எறங்கலியா?” என்றாள் அம்மா. தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

அப்பா தன் காலைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தேன். தம்பி பிறந்திருந்தான். அம்மா உப்புக் கொட்டகையில் தோலுக்கு உப்புத் தடவும் வேலைக்குப் போவாள். தம்பியை வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். இதில் எனக்கு வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. நம்பர் படிக்கத் தெரியும். அது போதும் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது.

எங்கள் டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் டேனரி கார் ஷெட்டுக்கு வந்தார். அப்பாவும் அவரும் லாரி காலத்துக் கூட்டாளிகள். ரோட்டோரம் லாரி ரிப்பேர் பார்ப்பவர். தொழுகைக்குப் போட்ட வெள்ளை ஜிப்பாவைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, பனியனோடு வந்து பானெட்டைத் திறந்தார்.

“இன்னா தோஸ்த், முள்ளு டான்ஸ் ஆடுதாமே?”

“கிண்டல் பண்ணாத பாய். என் பொழப்பே ஆடுது.”

“நீ இன்னா பண்ணிப் பாத்த?”

“தட்டிப் பாத்தேன்.”

“பொண்டாட்டியத் தட்டுறவனும் இதான் சொல்றான். சரியாச்சா?”

அப்பா சிரிக்கவில்லை. காயிலைப் பார்க்கச் சொல்லி பஸ் ஸ்டாண்டில் ஒரு டாக்சிக்காரன் சொன்னதாகச் சொன்னார்.

“அது பெட்ரோல் வண்டிக்கு. டீசல் வண்டியில காயிலு எங்க கீது? அவனையே இட்டுக்கினு வா, தேடிக் குடுக்கட்டும்” என்றார் பாய். அப்புறம் கொஞ்சம் நிதானமாகச் சொன்னார். “இதுல டைனமோ எவ்ளோ சுத்துதோ, அத வெச்சுத்தான் முள்ளு கணக்கு சொல்லுது. டைனமோவுலேர்ந்து மீட்டர் வரைக்கும் ஒயர் போவுது. நடுவுல எதுவோ பொய் சொல்லுது. எதுன்னு ஒண்ணு ஒண்ணாத்தான் மாத்திப் பாக்கணும். ரெண்ட ஒண்ணா மாத்துனா, குத்தம் எதுலன்னு கடைசி வரைக்கும் தெரியாது.”

பாய் இன்ஜினிடம் நிற்க வேண்டும். அப்பா அவருக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டும். முள்ளைப் பார்த்து நம்பர் சொல்ல நான் இருந்தேன். ஆக்சிலேட்டரை மிதிக்க எனக்குக் கால் எட்டவில்லை. அந்த நேரத்தில் அம்மா தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“ஏறி உக்காரு” என்றார் அப்பா.

“நானா? மொதலாளி வண்டியிலயா?”

“மொதலாளி சீட்டு பின்னால கீது. இது என் சீட்டுமே. ஏறு.”

அம்மா ரெண்டு பாதத்தையும் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் ஏறினாள். தம்பியைப் பக்கத்துச் சீட்டில் இருந்த என் மடியில் கொடுத்தாள். பாய் மிதிக்கச் சொன்னதும் ஒரே மிதி. இன்ஜின் அலறியது. தம்பி அலறினான். பாய் துள்ளிப் பின்னால் போய் நின்றார்.

“தங்கச்சி, சேறு மிதிக்கிறியா? மெதுவாம்மா!”

“நான் இன்னா பண்ணேன்? வண்டிதான் கத்துது.”

அப்பா அப்போதுதான் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

அம்மா ரெண்டாவது தடவை கால் கட்டைவிரலால் மட்டும் தொட்டாள். நான் கத்தினேன். “ரெண்டு! ரெண்டரை! அஞ்சு! சிவப்பு! ஐயோ, படுத்துக்கிச்சு!” முள் எகிறும்போதெல்லாம் தம்பி சிரித்தான். அதைப் பிடிக்கக் கையை நீட்டினான். எனக்கு அவன் கையையும் பிடிக்க வேண்டியிருந்தது, முள்ளையும் பார்க்க வேண்டியிருந்தது.

பாய் முதலில் டைனமோ பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தளர்ந்திருந்தால் டைனமோ வழுக்கும், கணக்கு தப்பும் என்றார். பெல்ட் விறைப்பாகத்தான் இருந்தது. அடுத்து மீட்டருக்குப் பின்னால் போகிற எர்த் ஒயரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிக் கட்டினார். நான் பார்த்தேன். ஆடியது. ஃபியூஸை எடுத்து ஊதி மாட்டினார். ஆடியது. ஒவ்வொன்றுக்கும் நான் “ஆடுது பாய்” என்று சொன்னேன். சொல்லும்போதெல்லாம் அப்பா தன் ஷூவைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

கடைசியில் பாய் ஒரு புது ஒயரை எடுத்தார். டைனமோவில் ஒரு முனையைக் கட்டினார். பானெட்டுக்கு மேலாக ஜன்னல் வழியே உள்ளே கொண்டுவந்து இன்னொரு முனையை மீட்டருக்குப் பின்னால் சொருகினார். பழைய ஒயரைத் தனியாக விட்டுவிட்டார்.

“இப்ப மிதி தங்கச்சி.”

முள் எழுந்தது. ஒன்றில் நின்றது. அம்மா கொஞ்சம் அழுத்தினாள். ரெண்டு. நான் காத்திருந்தேன். ரெண்டுதான். இன்னும் ரெண்டு. யாரும் சொல்லாமலே அம்மா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். முள் அவள் காலோடு கூடவே ஏறி மூணில் வந்து நின்றது. காலை எடுத்தாள். இறங்கியது.

“இன்னாங்க, நான் சொன்னா கேக்குதுங்க!” என்றாள் அம்மா. அவள் சொல்லி எதுவும் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

பாய் பழைய ஒயரின் முனையைச் சீவினார். உள்ளே செம்புக் கம்பி கறுப்பாக இருந்தது. ஒரு சாண் தள்ளி வெட்டினார். அங்கும் கறுப்பு. நெடுக உரித்தார். நெடுகக் கறுப்பு. விரலால் நசுக்கியதும் கம்பி வறுத்த சேமியா மாதிரி ஒடிந்தது.

“இது தேஞ்சது இல்ல தோஸ்த். காத்து தின்னது.”

அவர் மூக்கை உறிஞ்சினார். ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். நாங்களும் போனோம். டேனரிக்குக் கடைசியில் இருந்தது கார் ஷெட். அதன் பின்சுவரை ஒட்டிக் கால்வாய். ஒரு பக்கமிருந்து சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீர் வரும். இன்னொரு பக்கமிருந்து ஆசிட் போட்ட தண்ணீர் வரும். ரெண்டும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் கலந்து பாலாற்றுப் பக்கம் போகும். கலக்கிற இடத்தில் அழுகிய முட்டை வாசனை. எங்களுக்கு அது ஒரு வாசனையாகவே தெரியாது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் ஞாபகம் வரும்.

“இதான்” என்றார் பாய். “ரெண்டும் சேந்தா ஒரு கேஸு வரும். செம்பு, வெள்ளி எதுவும் தாங்காது. புது ஒயர் போட்டுத் தர்றேன். ஆனா வண்டிய இங்கியே வுட்டா அடுத்த வருஷம் திரும்பவும் இதே பேஜாருதான். எடத்த மாத்தச் சொல்லு.”

“அப்ப நான் வெரட்டல” என்றார் அப்பா.

“நீ இன்னாத்துக்கு வெரட்டற? நீ வெரட்டல.”

அப்பா ஷெட்டுக்குள் வந்து சிமெண்ட் தரையில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். பட்டப்பகலில், வெளியாள் முன்னால் அவர் காலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாய் பார்க்காத மாதிரி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மீந்த துண்டில் கொஞ்சம் கம்பியை உரித்து, முறுக்கி, எனக்கு ஒரு மோதிரம் செய்து கொடுத்தார். தங்கம் தோற்றுவிடும். அப்படி மின்னியது.

மறுநாள் அப்பா கறுத்த ஒயரை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினார். நடந்ததைச் சொன்னார். முதலாளி கம்பியை வாங்கி ஒடித்துப் பார்த்தார். மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இவ்ளோ நாளா ஏன்டா சொல்லல? இங்க எவ்ளோ காசு போட்ட வண்டி நிக்குது!”

அவர் நல்ல மனுஷன். விஷயம் புரிந்துவிட்டால் தாமதிக்க மாட்டார். அந்த வாரமே தன் பங்களாவுக்குப் பக்கத்தில், தென்னை மரங்கள் இருக்கிற, நல்ல காற்று வருகிற பக்கமாகப் பார்த்து, காருக்கு ஒரு ஷெட் போட ஏற்பாடு செய்தார். வெளிநாட்டுப் பார்ட்டி வந்தது. முள் ஆடவில்லை. அப்புறம் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டார்.

“பழைய ஷெட்டு காலியாத்தானே கெடக்குது. உன் குடிசை ஒழுவுதுன்னு சொன்னியே. குடும்பத்த இட்டுக்கினு வந்து இரு. டேனரிய ராத்திரில பாத்துக்க ஆள் வெச்ச மாதிரியும் ஆச்சு.”

அப்பா கும்பிட்டார். வீட்டுக்கு ஓடி வந்து சொன்னார். அம்மா அழுதே விட்டாள். எங்கள் குடிசை மேட்டில், திறந்த வெளியில் இருந்தது. ராத்திரி காற்று அடித்தால் கூரை பறக்கும். மழை வந்தால் தம்பியை அண்டாவுக்குள் படுக்கவைத்து மேலே முறத்தை மூடுவோம். இனிமேல் செங்கல் சுவர். சிமெண்ட் தரை. பூட்டு போடுகிற தகரக் கதவு. காருக்குக் கட்டின வீடு. எங்கள் சொந்தத்தில் யாருக்கும் அப்படி ஒன்று இல்லை.

பால் காய்ச்சின அன்றைக்குப் பாய் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. பாலை நின்றபடியே குடித்தார். பின்சுவரைப் பார்த்தார். தரையில் படுத்திருந்த தம்பியைப் பார்த்தார்.

“தோஸ்த், கொழந்தைய இங்க படுக்க வெக்காத.”

“ஏன் பாய்? ஒரு சொட்டு ஒழுவாது.”

“செம்பே தாங்கலியேப்பா.”

அப்பா பலமாகச் சிரித்தார். “நாங்க இன்னா கம்பியா பாய்? நாங்க தோலு. பொறந்ததிலேர்ந்து இதுலதான ஊறிக்கினு கீறோம்.”

பாய் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனார். “அவுருது வாடகை வீடு. வயித்தெரிச்சல்” என்றாள் அம்மா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஜிலேபி நன்றாக இருந்தது.

அப்பா வேலை போகவில்லை. தினமும் ஷூ போட்டுக்கொண்டு போனார். முள் ஆடாமல் நின்றதால் முதலாளி அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பின்னால் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவாராம்.

மழைக்காலத்தில் தம்பிக்கு இருமல் வந்தது. சளி என்றார்கள். அப்புறம் மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. வீட்டில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். மாட்டுப் பாலை நிறுத்தி ஆட்டுப் பால் கொடுத்தார்கள். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினார்கள். தர்காவில் ஓதித் தாயத்துக் கட்டினார்கள். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பேரைக்கூட மாற்றிக் கூப்பிட்டார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே நர்ஸ், “எந்த மாதிரி வீடும்மா?” என்று கேட்டாளாம். “ஒண்ணும் கொறையில்லம்மா, கார் ஷெட்டு. சிமெண்ட் தரை” என்று அம்மா சொன்னாளாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அவனுக்கு நன்றாகவே இருந்தது. அதனால் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் மோதிரம் அந்த வீட்டுக்குப் போன கொஞ்ச நாளிலேயே கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்ப்பேன். தங்கமாக மின்னும். ரெண்டு மூணு நாளில் மறுபடி கறுப்பு. அம்மாவிடம் காட்டினேன். அவள் தம்பியை மார்பில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நாலைந்து ராத்திரியாகத் தூங்காதவள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“உன் கை அழுக்குடி. அதான் கறுக்குது. போய்க் கழுவு.”

நான் போய்க் கழுவினேன். அதற்கப்புறம் தம்பியைத் தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கழுவினேன். துணி சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, எரிகிற வரைக்கும் கழுவினேன். கழுவிவிட்டு வந்து மோதிரத்தைப் பார்ப்பேன். கறுப்பாகத்தான் இருக்கும். அவன் இருமுவான்.

தம்பி அடுத்த மழைக்காலத்துக்கு இல்லை. அவனைக் குளிப்பாட்டிக் கிடத்தினபோது எல்லாரும் ஒருமுறை தொட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றேன். வாசலில் பாய் நின்றிருந்தார். அவர் அழுதார். அவர் எதற்காக எங்கள் எல்லாரையும் விட அதிகமாக அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. என் கை அழுக்குதான் தம்பிக்கு ஒட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.